ஸாரி அக்காவும் நின்றிருந்த காரும்

அழைப்பு மணியை இரண்டாவது முறை அழுத்த வேண்டி வந்தால், நாம் கதவைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து "ஸாரி" கேட்கும். அது வீட்டுக்காரர்களுக்கா மணிக்கா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. காலணியைக் கழற்றும்போது பக்கத்தில் கிடக்கும் செருப்பு புரண்டால் அதற்கு ஒரு ஸாரி. தோள்பையை இறக்கும்போது நாற்காலியில் இடித்தால் நாற்காலிக்கு ஒன்று. பையின் வாயிலிருந்து பச்சையும் சிவப்புமாக ரப்பர் பட்டைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று நம் மேல் உரசினால் நமக்கு ஒன்று. நாம் அவர் காலை மிதித்துவிட்டாலும் ஸாரி சொல்பவர் அவர்தான்.

எங்கள் தெருவில் அவருக்கு ஸாரி அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இந்தப் பெயரைக் கேட்டு, யாரோ புடவை விற்கிற அம்மா போலிருக்கிறது என்று நினைத்து, பருத்தியில் நல்லதாக நாலைந்து எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அக்கா அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "ஸாரிம்மா, நான் அந்தச் சாரி இல்ல" என்றார். புடவை வாங்க நினைத்தவள் இப்போது அவரிடம் இடுப்பு வலிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பிசியோதெரபி அவர் தொழில். வீடு வீடாகப் போய் மடங்காத முழங்காலை மடக்குவதும், உயராத கையை உயர்த்துவதும், கட்டிலோடு கிடப்பவரை எழுப்பி உட்கார வைப்பதும் வேலை. ஒரு பராமரிப்பு நிறுவனம் அவரை அனுப்புகிறது. கார் அவருடையது. எலுமிச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். பின்சீட்டில் மடக்கு நடைவண்டி, பெரிய ரப்பர் பந்து, உறை மாற்றிய இரண்டு தலையணை. வேகத்தடையில் கொஞ்சம் பலமாக ஏறி இறங்கினால் ஸ்டியரிங்கைத் தடவி, "ஸாரிடா கண்ணு" என்பார். அந்தக் காரில் ஒருமுறை போன யாரும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருந்ததில்லை.

ஆனால் அந்த ஸாரிக்கும் அவர் கைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. என் வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே ஆளைக் கூப்பிட வேண்டியிருந்த நாட்களில் இதைக் கற்றுக்கொண்டேன். "ஸாரி சார், கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லி முழங்கையைப் பிடித்தார். நான் கத்தினேன். "ஸாரி, ஸாரி" என்றார். குரல் வெண்ணெயாக உருகியது. கை ஒரு இம்மி தளரவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். தோள் சரியானது அப்படித்தான்.

எதற்கு இத்தனை ஸாரி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "நான் தொட்டாலே ஆளுங்களுக்கு வலிக்குது சார். இத்தனை வருஷமா இதே பொழப்பு. தொடுறதுக்கு முன்னாடி வாய் தானா சொல்லிடும். அப்புறம் அதுக்கு எங்க நிறுத்துறதுன்னு தெரியல, பாவம்." பாவம் என்றது தன் வாயை.

எங்கள் கட்டடத்தில் நான் கீழே. எனக்கு நேர் மேலே நடுவர். கால்பந்தாட்டங்களுக்கு நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ மைதானங்களில் ஓடி ஓடித் தேய்ந்த முழங்காலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் தனியாக மாடிப்படி இறங்கப் பார்த்து, நடுவிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் மனத்தில் அந்தப் படிக்கட்டு பாழுங்கிணறாகிவிட்டது. அதன் பிறகு கீழே இறங்கவே இல்லை. பத்திரிகையும் பாலும் கயிற்றில் கட்டிய கூடையில் மேலே போகும். நாள் முழுக்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கால் மடக்கும் வலி ஒருபுறம், ஓயாத ஸாரி இன்னொரு புறம். "வலிக்க வைங்க, இல்ல ஸாரி சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்கம்மா" என்று மாடியிலிருந்து அவர் எரிந்து விழுவது என் வீட்டுக்குக் கேட்கும். "ஸாரி சார்" என்பார் அக்கா. முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கும். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் படிக்கட்டு வரை வந்து பாருங்கள் என்று கெஞ்சுவார். நடுவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விபத்து நடந்தது எங்கள் வாசலிலேயே. அக்கா நடுவருக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் எதிர்வரிசை சோபாக் கடைக்காரரின் கறுப்புக் கார் போய்க்கொண்டிருந்தது. பெரிய கார், கடையில் விற்கிற சோபாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அது கடை வாசலைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் அக்காவும் நிறுத்தினார். கறுப்புக் கார் சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு விருட்டென்று பின்னால் வந்து, நின்றுகொண்டிருந்த எலுமிச்சைக் காரின் முகத்தில் மோதியது.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது சின்னக் காரின் பம்பர் தரையில் கிடந்தது. ஒரு விளக்கு உடைந்து, கண் பிதுங்கியது போலத் தொங்கியது. பெரிய காரின் பின்புறத்தில் லேசான ஒரு பள்ளம். கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கியபடி இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா தன் காரைத் திரும்பியும் பார்க்காமல் அவரிடம் ஓடினார்.

"ஸாரி சார், ஸாரி. கழுத்தை வேகமா திருப்பாதீங்க. எங்கயாவது வலிக்குதா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்கல்ல? அவங்களே ஸாரி சொல்றாங்க."

இரண்டு வண்டிக்கும் காப்பீடு ஒரே நிறுவனத்தில். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே அவர்கள் ஒரு ஆய்வாளரை அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர்தான். பின்னால் வந்த காரின் முன்பக்கத்தில் அடி, முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் அடி. யார் பார்த்தாலும் பின்னால் வந்தவர் போய் இடித்ததாகத்தான் தோன்றும். தெருவில் கேமரா எதுவும் இல்லை. கடைகளில் விசாரித்தார். மோதியதைப் பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை. மோதிய பிறகு யார் என்ன பேசினார்கள் என்று கேட்டார். அந்தம்மா ஸாரி சொன்னார் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது பொய்யும் இல்லையே. பின்னால் வந்த ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று முடிவாகிவிட்டது.

கவனக்குறைவு. உடைந்த எலும்பு கூடிய இடத்தை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கிற பெண்ணுக்கு இந்தப் பட்டம்.

அதோடு முடியவில்லை. பராமரிப்பு நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. விபத்தில் தவறு தன்மேல் என்று முடிவான யாரும் வீட்டுச் சிகிச்சைக்குக் கார் எடுத்துப் போகக் கூடாது. அக்காவை ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் அங்கே தேடிப் போனோம். நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே கிடந்து இறுகத் தொடங்கினார்கள். நடுவரின் முழங்காலும் அதில் ஒன்று. அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, இந்தப் பக்கம் ஒரு சொந்த வேலை இருந்தது என்று பொய் சொல்லிக்கொண்டு மாடி ஏறிப் போய் அந்தக் காலை மடக்கிவிட்டுப் போவார். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு ஸாரி.

அவர் கணவர் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். காலை முதல் மாலை வரை மற்றவர்களின் பிழைகளைச் சிவப்பு மையில் சுழிப்பதுதான் வேலை. பிழை யாருடையது என்று ஆராய்கிற பழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. கண்ணில் பட்டால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அதனால் மனைவியிடம், ஸாரி என்று நீயே சொல்லிவிட்டாய், இனிமேல் வாதாடி என்ன ஆகப்போகிறது, விட்டுவிடு என்றார். அக்காவும் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் கணவர் தொலைபேசியில் தன் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தது சமையலறையில் இருந்த அக்கா காதில் விழுந்தது. "ஒண்ணும் பெரிசா இல்லடா. இவ போய் ஒருத்தர் மேல இடிச்சிட்டா, அவ்ளோதான்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தார்.

"நான் இடிக்கலைங்க. நின்னேன்."

கணவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, என்ன என்பது போலப் பார்த்தார்.

"உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. நான் நின்னேன். அவர் வந்து இடிச்சார்."

கணவர் சொன்னார். சொன்ன பிறகுதான் அக்கா சமையலறைக்குத் திரும்பினார். அன்று முதல் அந்த ஒரு சொல்லை அவர் விடவே இல்லை. மறுவிசாரணை கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்தவர், மேலாளர், மேலாளரின் மேலாளர் என்று ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் நின்று, ஸாரி சார், தொந்தரவு பண்றேன், நான் நின்னுட்டிருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அனுப்பிவிட்டால் அடுத்த நாள் வந்து மறுபடியும் ஸாரி சொல்லிவிட்டு அதையே ஆரம்பிப்பார். என் தோளைத் தூக்கியது போலவே அவர்களையும் தூக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு அதிகாரி, இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன், கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்.

சாட்சி இருந்தது. மோதல் நடந்த நேரத்தில் நடுவர் ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தார். தன்னை வலிக்க வைக்க வருகிறவர் வந்துவிட்டாரா என்று அந்த எலுமிச்சைக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரியும். ஆனால் ஆய்வாளர் மாடிக்குப் போகவில்லை; நடுவரும் கூப்பிடவில்லை. பிறகு விஷயம் தெரிந்து, எழுதித் தருகிறேன் என்றார். கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அந்தம்மாவின் நோயாளி, எழுதச் சொன்னால் எதையும் எழுதுவார், நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றுவிட்டார். நேரில் வருவதென்றால் படி இறங்க வேண்டும்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை அக்கா மாடிக்குப் போனார். நானும் கூட இருந்தேன். எத்தனையோ மாதமாகப் படிக்கட்டு வரை வாருங்கள் என்று நடுவரிடம் கெஞ்சியவர் அன்றைக்குக் கெஞ்சவில்லை. வழக்கம் போல முழங்காலை மடக்கி நீட்டினார். பட்டைகளைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"நாளைக்கு எனக்காக இறங்கிட வேணாம் சார். பயத்தோட இறங்கினா கால் நிக்காது. உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்ப இறங்குங்க. என் விஷயத்தை நான் பேசிக்குவேன்."

நடுவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா போன பிறகு என்னிடம், "இன்னைக்கு ஒரு ஸாரிகூட சொல்லல, கவனிச்சீங்களா" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மேலிருந்து போன் வந்தது. "உங்க கார்ல பெட்ரோல் இருக்கா?"

நான் போனபோது அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, ஷூ மாட்டி, கையில் தடியோடு படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னை இரண்டு படி கீழே போய்த் தன்னைப் பார்த்து நிற்கச் சொன்னார். அக்கா சொல்லிக் கொடுத்த முறை அது. கைப்பிடியைப் பற்றினார். "இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. ஏறும்போது நல்ல கால் முதல்ல." பாடம் ஒப்பிப்பது போல வாய்க்குள் முணுமுணுத்தார். புதிய முழங்கால் முதல் படியில் இறங்கியது. நல்ல கால் வந்து பக்கத்தில் சேர்ந்தது. அடுத்த படி. முன்பு மடங்கி உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். "பேசாதீங்க" என்றார். அந்தப் படியை ஒரு முரட்டு ஆட்டக்காரனை முறைப்பது போல முறைத்துவிட்டு அதில் காலை வைத்தார். கீழே வந்து சேர்ந்ததும் என் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

நாங்கள் படியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் விசாரணை அறையில் நடந்ததை அக்காவின் கணவர் பிறகு என்னிடம் சொன்னார். இப்போதும் யார் கேட்டாலும் சொல்கிறார், கேட்காவிட்டாலும் சொல்கிறார்.

அதிகாரி கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனிதர். இரு தரப்பையும் கேட்டார். கடைக்காரர், தான் அசையாமல் நின்றிருந்ததாகவும், அந்தம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்து மோதியதாகவும் சொன்னார். திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது போலிருந்ததாம். அதிகாரி அக்காவிடம், நீங்கள் ஸாரி சொன்னது உண்மைதானே என்றார். உண்மைதான் என்றார் அக்கா. சாட்சி இருக்கிறதா என்றார். இருக்கிறார், வர முடியாது என்றார். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். யார் சொல்வது சரி என்று நிரூபிக்க முடியவில்லை. தவறை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள், விஷயம் இன்றோடு முடிந்துவிடும்.

கடைக்காரர் உடனே சரி என்றுவிட்டார். கணவர் மேஜைக்கு அடியில் அக்காவின் கையை அழுத்தினார். இதுவே பெரிது, போட்டுவிடு என்று அர்த்தம். பாதித் தவறு என்றால் வீட்டுச் சிகிச்சைக்குக் காரை எடுக்க ஒருவேளை விடுவார்கள் என்று அவர் நினைத்தார். அக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"ஸாரி சார். நான் போட மாட்டேன்."

"ஏம்மா?"

"பாதித் தப்புன்னா நான் பாதியாவது வண்டி ஓட்டியிருக்கணும் சார். நான் நின்னுட்டிருந்தேன். நின்ன வண்டிக்கு எப்படி சார் பாதி வரும்?"

கையெழுத்து போடாவிட்டால் பழைய முடிவே நிற்கும், முழுப் பழியும் உங்கள் மேல்தான் என்று அதிகாரி எச்சரித்தார்.

"ஸாரி சார். முழுசையும் என் தலையிலயே போடுங்க, அது நீங்க பண்ற தப்பு. பாதிக்கு நான் கையெழுத்து போட்டா அது நான் சொல்ற பொய். அதை நான் சொல்ல மாட்டேன். ஸாரி."

அதிகாரி பேனாவை மூடினார். "என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றீங்க. அதுக்கு ஏம்மா இத்தனை ஸாரி?"

அக்கா குழம்பிப்போய்க் கணவரைப் பார்த்தார். தான் ஸாரி சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சமயத்தில்தான் நாங்கள் கதவைத் தட்டினோம்.

தடியை ஊன்றிக்கொண்டு நடுவர் உள்ளே வந்ததும் அக்கா நாற்காலி சரிய எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தார். வீங்கியிருக்கிறதா, நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் மெல்ல நிமிர்ந்தார். தன் வழக்கு, அதிகாரி, கடைக்காரர் எல்லாவற்றையும் அந்த நிமிடம் மறந்துவிட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

"நீங்களா இறங்கினீங்களா?"

"பின்ன, தூக்கிட்டா வந்தாங்க?" என்றார் நடுவர்.

உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசுகிறேன் என்றுவிட்டார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். கறுப்புக் கார் கடை வாசலைத் தாண்டிப் போய் நின்றது. சின்னக் கார் பின்னால் வந்து, இடைவெளி விட்டு நின்றது. பிறகு கறுப்புக் காரின் பின்பக்கம், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எரியும் வெள்ளை விளக்கு இரண்டும் எரிந்தன. அப்புறம்தான் சத்தம்.

கடைக்காரர் குறுக்கிட்டார். இவர் அந்தம்மாவிடம் சிகிச்சை எடுப்பவர், அவருக்குச் சாதகமாகத்தானே பேசுவார் என்றார்.

"சாதகமாவா?" என்று நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இந்தம்மாவைக் கண்டாலே பிடிக்காது. வாராவாரம் வந்து கண்ணுல தண்ணி வர வைக்கிறாங்க. மாட்டிக்கட்டும்னு சும்மா இருந்தா எனக்கு வலி மிச்சம். இவங்களுக்காகப் பொய் சொல்ல எனக்கு என்னங்க வேண்டுதலா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சொல்றேன்" என்று நடுவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "மைதானத்துல ஒருத்தனை ஒருத்தன் தள்ளிட்டா, விழுந்தவனைப் போய்த் தூக்குறவனும் இருப்பான், நான் ஒண்ணும் பண்ணலைன்னு ரெண்டு கையையும் தூக்குறவனும் இருப்பான். நான் தூக்கிவிடப் போறவனைப் பார்க்க மாட்டேன். கையைத் தூக்குறவனைத்தான் பார்ப்பேன். இவர் கதவைத் திறக்கும்போதே கையைத் தூக்கிட்டுத்தான் இறங்கினார்."

"சார், இது என்ன பேச்சு, நான் ஒண்ணுமே…" என்று கடைக்காரர் பதறினார். அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவருடைய இரண்டு கைகளும் தோளுக்கு மேலே நின்றன. நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று அவருக்கும் புரிந்தது. கைகள் மெல்ல இறங்கி மேஜைமேல் வந்து படுத்தன.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆய்வாளர் எடுத்திருந்த புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்து முன்னால் வைத்தார். மோதிய இடத்திலேயே இரண்டு கார்களும் நின்ற படம். நீங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று கடைக்காரரிடம் அமைதியாகக் கேட்டார். என் கடைக்குத்தான் என்றார் அவர். படத்தில் உங்கள் கடை வாசல் காருக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஒரு போன் வந்துச்சு. பேசிட்டே வாசலைத் தாண்டிப் போயிட்டேன்."

"சரி. தாண்டிப் போயிட்டீங்க. அப்புறம் கடைக்கு எப்படிப் போறதா இருந்தீங்க?"

கடைக்காரர் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே, "வண்டியைப் பின்னால எடுக்கும்போது கண்ணாடில பார்த்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார். குரலில் வீம்பு இல்லை. அவருக்கே அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது போலிருந்தது.

முழுத் தவறும் கறுப்புக் காரின் மேல் என்று அதிகாரி அங்கேயே எழுதினார். முந்தைய முடிவு ரத்து, கவனக்குறைவு என்ற சொல் நீக்கம் என்று வாய்விட்டுப் படித்தார். அக்கா அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அவர் படித்தார். தன்னுடைய வேலையிடத்துக்கும் இதை இன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்றார் அக்கா. தெரிவிப்பதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். கணவர் தன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி வைத்துக்கொண்டார். கடைக்காரர் எழுந்து அக்காவின் முன்னால் வந்து நின்று, தப்பா எடுத்துக்காதீங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: கழுத்து இப்போது எப்படி இருக்கிறது? கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அடுத்த வாரத்திலிருந்து நான் தெருவுக்கு வருவேன், பார்க்கிறேன் என்றார். கடைக்காரருக்கு உள்ளுக்குள் நடுங்கியிருக்கும். அந்தக் கை எப்படிப்பட்டது என்று தெருவில் கேள்விப்பட்டிருப்பார்.

வெளியே நல்ல வெயில். அலுவலக வாசலில் அகலமான நாலைந்து படிகள். அக்கா நடுவரின் முன்னால் இறங்கி நின்று, வலிக்கிற கால், நல்ல கால் என்று சொல்லச் சொல்ல, அவர் திட்டிக்கொண்டே இறங்கினார். வண்டியை எடுத்து வர நான் சாவியை அக்காவின் கணவரிடம் கொடுத்தேன். அவர் இருந்த சந்தோஷத்தில் என் காரை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வராமல், அந்தப் பெரிய நிறுத்துமிடத்தின் மறுகோடியில் இருந்த வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. போன் செய்யலாம் என்று பையைத் தடவினேன்.

அக்கா தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இரண்டு விரல்களை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து, யாரிடமும் ஸாரி சொல்லாமல், நிறுத்துமிடம் முழுக்க அதிரும்படி நீளமாக ஒரு விசில் அடித்தார்.